வாசம் வருதா, எஸ்தர்?

என் அன்பான ஸ்டீபன் அண்ணனுக்கு,

பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் மூன்று நாளாக மூடுபனி விலகவில்லை. தேயிலை ஃபேக்டரியின் சங்கு கேட்கிறது, கட்டடம் தெரியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் வேலையை நம் தம்பி யோசுவாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இறந்தவரின் வேலையை வீட்டில் ஒருவருக்குத் தருவது இங்கே வழக்கம்தானே. வேலை இருந்தால்தான் இந்த எஸ்டேட் வீடும் நமக்கு. அம்மா முழங்காலில் நின்று நன்றி சொன்னாள். நானும் ஆமென் சொன்னேன்.

அதே வேலைதான். அரைத்த கொழுந்தை விரித்துப் போட்டு, கைப்பிடி அள்ளி முகர்ந்து, பச்சை வாடை போய்ப் பழவாசம் ஏறும்போது உலர்த்த அனுப்ப வேண்டும். பிந்தினால் புளித்துவிடும். நீ ஒரே ஒரு நாள் பிந்தினாய். கூட வேலை பார்த்த சாலமோன் அண்ணனும்தான். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் பார்க்க, மேனேஜர் துரை அந்தப் புளித்த இலையில் போட்ட தேநீரை உங்கள் இருவரையும் குடிக்க வைத்தார்.

வெளியே வந்ததும் சாலமோன் அண்ணன், "துரை வீட்டம்மாட்ட வாங்குனத நம்ம தலையில இறக்கிட்டுப் போறாரு. விடுல ஸ்டீபா, அடுத்த தடவ சீனி போட்டுக் கேப்போம்" என்றாராம். பெண்கள் சிரித்தார்களாம். அவர் மத்தியானச் சோற்றோடு அதை மறந்தார். நீ அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

ஒரே துரை, ஒரே அவமானம். பிறகு ஏன் உன்னை மட்டும் அது தின்றது? வாசகசாலையில் மனத்தைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் சிலர், "மனசு திடம் இல்லாத பய" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பிடி இலையை மூன்று முறை முகர்ந்து பார்க்கிற சுபாவத்துக்காகத்தானே உன்னை அந்த இடத்தில் நிறுத்தினார்கள்? வேலைக்கு உதவிய அதே சுபாவம் வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை.

பிறகு நீ சட்டைப்பையில் இலை கொண்டுவர ஆரம்பித்தாய். "ஏட்டி எஸ்தர், இதுல வாசம் வருதா? எனக்கு ஒண்ணுந் தெரியல."

"நல்லா வருதுண்ணே. பேசாம போய் வேலையப் பாரு."

அப்படித்தான் சொன்னேன். படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அடுத்து மீன்குழம்பு மணக்கவில்லை என்றாய். பிறகு சாப்பாடே வேண்டாம் என்றாய். மழைக்காலத்துக் காய்ச்சல் வந்தபோது எதிர்த்து நிற்க உன்னிடம் எதுவும் மிச்சமில்லை.

யோசுவாவும் சாலமோன் அண்ணனோடுதான் நிற்கிறான். அவர் பகடிக்கு அவனும் சிரிப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து, விரித்த இலையைப் பார்க்க ஃபேக்டரிக்கே திரும்பிப் போகிறான். போன வாரம் துரை அவனிடம், "நீ ஸ்டீபன் தம்பிதான?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் கேட்டார். அதிலிருந்து அவன் பேசுவது குறைந்துவிட்டது.

நேற்று வேலை முடிந்து வந்தவன் என் உள்ளங்கையில் ஈரமாக எதையோ வைத்தான். பார்க்காமலே தெரிந்தது.

"எக்கா, இதுல வாசம் வருதா?"

வந்தது, அண்ணே. நன்றாகவே வந்தது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. "உனக்கு எத்தன நாளா தெரியல?" என்று கேட்டேன். அவன் அழுதான்.

நாளைக் காலை அவனை ஃபேக்டரிக்கு அனுப்பமாட்டேன். முதல் பஸ்ஸில் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பண்ணுவோம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் யார் அப்படிக் கேட்டாலும், முதலில் கேட்டவர் முகத்தைப் பார்ப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

அன்று தலை நிமிராத உன் தங்கை,
எஸ்தர்