இரண்டாவது வயலினின் பென்சில் குறிகள்

ஜூன் 9, திங்கள்
மேற்கே சாரல். துணி காயவில்லை. அவர் போய் இருபத்தோராம் நாள். இன்றிலிருந்து மறுபடி பள்ளி. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. நான் பார்க்கும் நூலக அறை முழுக்கத் தூசி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நல்லது.
செய்ய: இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் 5. சமையல் கேஸ் பெயர் மாற்றம். கொய்யாக் கிளை வெட்ட ஆள்.
அக்கா போன். "ஏட்டி, ராசபாளையத்துல தனியா என்ன செய்யப் போற? இங்க வந்துரு." பார்க்கலாம் என்றேன். எதுவும் தோன்றவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
மதுரை செல்வின் அண்ணன் போன். மேற்கத்திய இசை நால்வர் குழுவில் முதல் வயலின். என் வீட்டுக்காரர் இரண்டாவது. சனிக்கிழமைதோறும் மதுரை பஸ், இருபத்தாறு வருடம்.
"தங்கச்சி, அவரு எடத்துல ஒரு புள்ள வாசிக்க வருது. அவரோட நோட்டு வேணும். சனிக்கிழம வாரேன்."
பீரோவில் ஐந்து இசை நோட்டு. அச்சிட்ட இசைக் குறிகளுக்கு மேலே பக்கமெல்லாம் பென்சில்: அம்பு, வளைவு, எண். அடுத்தவருக்குக் கொடுக்கிற லட்சணமா இது?

ஜூன் 12, வியாழன்
அரை நாள் லீவு. ஐந்தையும் அழித்தாயிற்று. பள்ளியில் திரும்பி வரும் புத்தகங்களுக்குச் செய்கிற வேலைதான். ரப்பர் இரண்டு தீர்ந்தது. தூளைப் பெருக்கிக் கொட்டினேன். ஒரு காரியம் முழுசாக முடித்த திருப்தி, இத்தனை நாளில் முதல் தடவை.

ஜூன் 13, வெள்ளி
செல்வின் அண்ணன் போன், எந்த பஸ் என்று சொல்ல.
"எல்லாம் சுத்தமா அழிச்சு வச்சிருக்கேண்ணே."
"எத?"
"பென்சில் கிறுக்கல."
"வில்ல எங்க இழுக்கணும், நாலு பேரும் எங்க சேர்ந்து நிறுத்தணும், அம்புட்டையும் அவருதான் எழுதி வச்சாரு. நாங்க எழுதிக்கல. அவரப் பாத்தே வாசிச்சுட்டோம்."
பரவாயில்லை விடு என்றார். பரவாயில்லாத குரல்.
சாயங்கால வெயிலில் நோட்டைச் சாய்த்தால் தாளில் பள்ளம் தெரிகிறது. அழுத்தி எழுதுகிற மனிதர். அதன் மேலேயே பென்சிலால் இழுத்தேன். என்ன அர்த்தமென்று தெரியாது. இருட்டுவதற்குள் இரண்டு நோட்டு.

ஜூன் 14, சனி
ஆறு மணியிலிருந்து ஜன்னலோரம். மூன்றாவது, நான்காவது முடிந்தது. காபி ஆறிப் போனது.
ஐந்தாவதில் பள்ளமே இல்லை. எப்படிச் சாய்த்தாலும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போன பிறகு எழுதியது. கையில் பலமில்லாமல் லேசாக எழுதியிருக்கிறார். அழிக்கும்போது எனக்கு அது தெரியவில்லை. அவ்வளவும் போயிற்று. நான்தான் அழித்தேன்.
செல்வின் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். மேஜையில் நான்கு நோட்டு. ஐந்தாவது என் மடியில், சுத்தமாக.