நைலான் சக்கரமும் முப்பது முயல்களும்

மார்ச் 3, செவ்வாய்

வீட்டம்மாவின் தையல் மெஷின் படுத்துவிட்டது. உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரத்தில் மூன்று பல் காலி. என் வாயைவிட ஒன்று அதிகம். அந்த மாடலுக்கு உதிரிப் பாகமே வருவதில்லையாம். சனிக்கிழமை பள்ளி நாடகத்துக்கு முப்பது முயல் உடை தர வேண்டும், ஒன்பதுதான் முடிந்திருக்கிறது. பதினேழு வருடத்தில் அவள் சொன்ன தேதி தவறியதே இல்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"நானே பண்ணித் தர்றேன்" என்றேன். யார் என்னைக் கேட்டார்கள்? ஆனாலும், இருபது வருடமாகப் பிளாஸ்டிக் பட்டறையில் குப்பை கொட்டுகிறேனே.

மார்ச் 4, புதன்

எங்கள் பட்டறையில் அச்சு வெட்டும் தாடிக்காரர், பழைய சக்கரத்தை அளந்து அலுமினியத்தில் குட்டி அச்சு ஒன்று செய்து கொடுத்தார். நைலான் மணிகள் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அப்படியே உருக்கினால் கொப்புளம்தான். நாலு மணி நேரம் ஓவனில் காயவைத்து, உருக்கி, அச்சில் அழுத்தினேன். முத்து மாதிரி ஒரு சக்கரம். வழியில் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்திக் காட்டினேன். அவர் கேட்கவில்லை.

பத்தாவது முயலின் இடது காதில் 'டக்'. என் சக்கரம் உடைந்துவிட்டது.

"இருபது வருஷமா அங்க என்னதான் பண்றீங்க?" அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் குத்தியது.

மார்ச் 5, வியாழன்

தாடிக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "வேக வெச்சியா?"

இல்லை. அச்சிலிருந்து வந்த கையோடு நைலான் வறண்டு கிடக்கும், அழுத்தினால் உடையும். வெந்நீரில் கிடந்து தண்ணீர் குடித்தால்தான் வளைந்து கொடுக்கும். புது ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். அவசரத்தில்— சே.

"உன்ன மாதிரியேதான்டா. கல்யாணத்துக்கு முன்னாடி நீயும் தொட்டா உடைவ. தங்கச்சிதான் வேக வெச்சுப் பதமாக்குச்சு."

அரை நாள் லீவு. புதுச் சக்கரம், எங்கள் சமையலறை, மூன்று மணி நேரம் கொதி. மாமியார் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது வெந்துடுச்சான்னு எப்படி மாப்ள பாக்குறது?"

"உப்புப் பாத்துச் சொல்லுங்க அத்தை."

மார்ச் 6, வெள்ளி

ஓடுகிறது. இருபத்து நாலாவது முயல். வால்களுக்குப் பஞ்சு அடைக்கும் வேலை எனக்கு. வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

மார்ச் 7, சனி

மேடையில் முப்பது முயல். ஒன்றுக்கு மட்டும் இடது காது சாய்ந்திருந்தது. அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

வீட்டுக்கு வந்து சட்டைக்குப் பொத்தான் தேடி அவள் டப்பாவைத் திறந்தேன். உள்ளே புதன்கிழமை உடைந்த என் முதல் சக்கரம்.

"இத இன்னும் தூக்கிப் போடலையா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "அதுவும் நீங்க எனக்குப் பண்ணதுதானே."