ஒரே தாளில் இரண்டு பேர்

அக். 9, வியாழன்
காலையிலிருந்து புழுக்கம். பள்ளி விட்டதும் லைட்ஹவுஸ் குப்பம். நோட்டில் இது பதினோராவது முகம்.

வரைய உட்காரும் பெண்களிடமெல்லாம் ஒரே கேள்வி: பொம்பளைன்னா இன்னா? இதுவரை வந்தவை: "வேல." "புள்ள." "வாய மூடினு இருக்கறது." ஒருத்தி சிரித்துவிட்டு எழுந்தே போய்விட்டாள். எனக்கும் பதில் தெரியாது. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் இல்லை. உம்மா அந்தப் பேச்சை எடுத்தே இரண்டு வருடமாகிறது.

இன்று தேசம்மா. கருவாடு காயவைப்பவள். நாற்பது இருக்கும். முப்பதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லை. புருஷன் போன வருடம் கவிதா என்றொருத்தியை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தான். மூவரும் ஒரே வீட்டில்.

கேள்விக்கு அவள் சொன்னது: "அதான் எடுத்துட்டாங்களே டீச்சர். என்னாண்ட வந்து கேக்கறீங்க."

அக். 13, திங்கள்
தூறல். தேசம்மா படம் பாதியில். கவிதா வந்து ஒட்டி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயது, எட்டு மாத வயிறு.

"என்னயும் போடுங்க டீச்சர். அக்கா கூட."

"தள்ளி குந்துடி, நிழல் உழுது," என்றாள் தேசம்மா. சொன்னாளே ஒழிய, பழைய புடவை ஒன்றைச் சுருட்டி அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள்.

கவிதாவின் கால் இரண்டும் வீக்கம். விரல் வைத்தால் குழி விழுகிறது. முகமும் ஊதியிருந்தது. தலைவலி என்றாள். "ஆஸ்பத்திரிக்கு வாடின்னா, அவரு கடல்லேர்ந்து வரட்டும்ன்றா," தேசம்மா என்னிடம். "வந்ததும் போங்க," என்றேன் நான். வீங்கிய காலை அப்படியே வரைந்தேன். நன்றாக வந்தது.

அக். 15, புதன்
வாங்க வேண்டியது: 4பி பென்சில், உம்மாவுக்கு மாத்திரை. மழையால் குப்பம் போகவில்லை.

அக். 17, வெள்ளி
கவிதா இல்லை.

நேற்றுக் காலை ஃபிட்ஸ். புருஷன் இன்னும் கரை திரும்பவில்லை. ஆட்டோவில் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது தேசம்மாதான். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். பிழைத்துக்கொண்டது. தாய்க்கு நினைவு திரும்பவேயில்லை.

வீக்கம் எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டாராம். என் நோட்டில் தேதி போட்டே இருக்கிறது.

சாவு வீட்டு வாசலில் இருவர்:
"தேசம்மாக்கு நல்ல காலம்."
"ஆமா. நோவாம ஒரு புள்ள."



அக். 22, புதன்
நோட்டு எடுத்துப் போகவில்லை. புருஷன் வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே தேசம்மா மடியில் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை.

சொல்லிவிட்டேன். "அன்னிக்கே கால பாத்தேன். உடனே போகச் சொல்லல."

"நானுந்தான் பாத்தேன்."

குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். பிறகு: "வர்றவ எல்லாம், ஆண்டவன் உனுக்குன்னே குடுத்தாண்டின்றா. நான் அழுதா, நடிக்கறேன்றாளுங்க. சக்களத்தி இன்னாத்துக்கு அழுவான்றாளுங்க. ஒரு வருசம் என் பக்கத்துல படுத்தவ டீச்சர். எனுக்குத் தல பின்னி வுடுவா."

குழந்தையை என் கையில் கொடுத்தாள். "செத்த புடிங்க." வீட்டுக்குப் பின்னால் போனாள். சத்தம் கேட்டது. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

குழந்தையும் வீரிட ஆரம்பித்தது. பால் பவுடர் டப்பா அலமாரியில். எவ்வளவு கரைப்பது என்று தெரியவில்லை. அவளைக் கூப்பிடவில்லை.