பெயர் வரும் இடத்தில் மைக்கை வைத்தேன்

மச்சான்,

உன் ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. அதன் கவரில் இன்னும் நீ பூசும் ஜவ்வாது வாசனை. காலையிலிருந்து ஃபோன் அடங்கவே இல்லை. நம் கானா பேஜுக்கு வந்து எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். "பேரு வர்ற எடத்துல பாட்டு கட்டாவுது, ஃபுல்லா போடு அண்ணாத்தே." உன் சாவுக்கு நான் பாடியதைத்தான் கேட்கிறார்கள். யாரோ ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாய் துடிக்கிறது.

சாவு வீட்டுக்குப் போனால் முதலில் நீதான் உள்ளே போவாய். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டு வந்து சொல்வாய். நான் பாட்டில் கோர்ப்பேன். அந்தப் பெயர் காதில் விழுந்தால்தான் அடக்கிவைத்த அழுகை உடையும். திருமழிசையில் அப்படிப் பாடியதை நீதான் வீடியோ எடுத்துப் போட்டாய். ஊரெல்லாம் பார்த்தது. பிறகு அந்தப் பெயர் வரும் வரியை ஒலிக்கவிட்டுப் பிறந்தநாள் கலாட்டா, காலேஜ் பஸ்ஸில் ஆட்டம் என்று கிளம்பிவிட்டார்கள். இறந்தவரின் மகள் உன்னைக் கூப்பிட்டாள். என்னைக் கேட்காமலே நீ வீடியோவைப் பேஜிலிருந்து தூக்கிவிட்டாய்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கீற? நம்மள நாலு பேரு கூப்டறதே அத்த பாத்துதான்!" என்று கத்தினேன்.

"அந்தப் பொண்ணு அழுதுகினே பேசுது மச்சான். அவங்க நைனா பேர சொல்லி ஊரே ஆடுதாம். இன்னா பதில் சொல்லச் சொல்ற?"

வீடியோ இல்லாவிட்டால் நம்மை யாருக்குத் தெரியும் என்று இன்றைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. திருமுல்லைவாயிலில் உன் வீட்டு வாசலில் பாட ஆரம்பித்தேன். சுற்றிலும் ஃபோன். "கீழ எறக்குங்கடா" என்றேன். ஒருத்தனும் கேட்கவில்லை. உன் அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் பெயர் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பாடினால் நாளைக்கு எவனோ கேக் வெட்டும்போது உன் பெயர் ஒலிக்கும். பாடாவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

மைக்கை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு உன் பெயர் வரும் வரியைப் பாடினேன். "இன்னொரு தபா பாடு நைனா" என்றார். பாடினேன். அதற்கப்புறம்தான் அழுதார்.

வீடியோவில் அந்த இடத்தில் என் முதுகுதான் தெரிகிறது. கேட்டவர்கள் யாருக்கும் பதில் போடவில்லை, போடவும் மாட்டேன். ஆனால் பஸ்ஸில் போகும்போது அந்த வரி தானாக வாய்க்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் யாராவது ஃபோனை எடுத்தால் நிறுத்திக்கொள்கிறேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டதும், விட்ட இடத்திலிருந்து பாடுகிறேன், உன் பெயரோடு.