மாரிகுப்பம் ஸ்டேஷன் படிகள்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

தங்கச் சுரங்கத்துக்கு மெஷின் ஏத்திவர வெள்ளைக்காரன் போட்ட ரயில் லைன். இப்போ விடியக்காலையில எங்களைப் பெங்களூருக்கு ஏத்திட்டுப் போகுது. மாரிகுப்பம்தான் கடைசி ஸ்டேஷன், அதுவும் மேட்டு மேலே. ரயில் இங்கேயே கிளம்புறதால முதல்ல ஏறினா உட்கார இடம் நிச்சயம். நானும் லூயிசாவும் பன்னிரண்டு வருஷமா எதிரெதிர் ஜன்னல். அவள் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர், நான் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பவள்.

இன்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு நிமிஷம் இரு ஜெனி."

"உனக்காக ரயில் நிக்குமா?" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போய் இடம் பிடித்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பங்காருபேட்டையில் கூட்டம் ஏறிய பிறகு லூயிசா மெதுவாகக் கேட்டாள்: "தெனம் எத்தினி பேருக்கு இ.சி.ஜி. எடுக்குற. எனக்கும் ஒண்ணு எடேன். படி ஏறுனா நெஞ்சை அமுக்குற மாதிரி கீது."

"சாயங்கால பஜ்ஜியை நிறுத்து. எல்லாம் கேஸ்தான்," என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. என்னோடு சேர்ந்து பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 3

லூயிசா இன்றும் கடைசி நிமிஷத்தில் ஏறினாள். பேசவில்லை. கோபமோ என்னவோ.

அக்டோபர் 15, செவ்வாய்

அவள் இடத்தில் என் பையை வைத்திருந்தேன். வரவில்லை. ரயில் நகர்ந்தபோது படிகளில் சின்னக் கூட்டம் தெரிந்தது. யாரோ வழுக்கி விழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும் அவள் புருஷன் ஏசுபாதம் அண்ணன் போன். "ஜெனிட்டா, லூயிசா படியில வுழுந்துட்டாளாம். நீ பக்கத்துலதான கீற?"

"நான் ரயில்ல இருக்கேன் அண்ணே."

அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து உரிகம் ஸ்டேஷன் வந்தது. இறங்கி ஆட்டோ பிடித்திருந்தால் பத்து நிமிஷம். மயக்கமாக இருக்கும், நம்ம லீவு போயிடும் — இதைத்தான் நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இதைத்தான். மத்தியானம் தெரிந்தது, ஹார்ட் அட்டாக். கோலாருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நானோ காலையிலிருந்து யார் யார் நெஞ்சிலோ ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 16

ஐ.சி.யு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். டாக்டர் கேட்டார், பல நாளாக வலி இருந்திருக்குமே, யாரிடமும் சொல்லவில்லையா என்று.

"அவ வாயே தொறக்க மாட்டா டாக்டர்," என்றார் அண்ணன்.

நான் பக்கத்திலேயே நின்றேன். சொல்லியிருக்கலாமே... இன்னாத்துக்கு எனக்கு வாய்?

அக்டோபர் 17

இன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கோயில் முடிந்து ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். ஆபரேஷனுக்கு அப்புறம் பாதியாக இளைத்திருக்கிறாள். அவள் எதிரிலேயே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன் — அவள் கேட்டது, நான் சிரித்தது. அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

லூயிசாவுக்கு என் மேல் கோபம். "அவருக்கு இன்னாத்துக்குச் சொன்ன? உன்னைத் திட்டுவாருன்னுதான் நான் மூடி வெச்சிருந்தேன்."

அழுதேன். அவள் அழவில்லை.

"சிரிச்சதுகூடப் போகட்டும் ஜெனி. போன் வந்துச்சில்ல? உரிகத்துல எறங்கியிருக்கலாம்ல?"

அண்ணன் வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 18, 2025, சனி

வேலையை விட்டுவிட்டாள். வேலூரில் மகள் ரெபேக்கா வீட்டுக்கே இருவரும் போகிறார்கள். கார் கிளம்பும்போது ஜன்னலுக்குள் கையை நீட்டினேன். பிடித்தாள். "வந்து பாக்குறேன்," என்றேன்.

"இப்போ வேணாம். போன் பண்ணு," என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நான் போன் பண்ணுவது இது மூன்றாவது தடவை. ரெபேக்காதான் எடுத்தாள். "அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி. அப்புறம் பேசச் சொல்றேன்."

அவள் பின்னால் லூயிசாவின் குரல், நல்ல கணீரென்று, மாடிக்குத் துணி காயப்போடப் போகிறேன், கிளிப் எங்கே என்று கேட்டது.

"சரிம்மா, தூங்கட்டும்," என்று வைத்துவிட்டேன்.