பதில் வரும்வரை பிளான்படியே செய்யச் சொன்னேன்

என் உயிரான சிவா அண்ணனுக்கு,

நான் இன்னும் நாம் சேர்ந்து வேலை பார்த்த அதே கட்டடக் கொந்தராத்துக் கம்பெனியில்தான் இருக்கிறேன். எப்படி இருக்க முடிகிறது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மாத்தளை டவுனுக்குள்ளேயே ஒரு மூன்று மாடிக் கட்டடம். இதில் பிளான் போடுவதும் கட்டுவதும் நாங்களேதான். போன வாரம் அத்திவாரக் குழியில் நீர் ஊறியது. பிளான் போட்ட பொறியியலாளர் மத்தியானமே வந்து, காற்சட்டையை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அன்று மாலைக்குள் பிளான் மாறிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் சாமான் அறைக்குள் போய் சீமெந்து மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

லக்கலையில் நீங்கள் மேற்பார்வை பார்த்த கட்டடம் அப்படியில்லையே அண்ணே. அதற்குப் பிளான் போட்டவர் கொழும்பில் வேறொருவர். டெண்டரில் நாம் ஆகக் குறைந்த விலை கேட்டதால் கட்டும் வேலை மட்டும் நமக்கு வந்தது. கட்டடத்துக்காக வெட்டிய மேட்டை அவர் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. அவர் பிளானில் போட்ட ஒரு கோட்டைக்கூட மாற்ற நமக்கு உரிமையில்லை.

ஒருநாள் காலை, ஆபீசில் வேலைகளைக் கவனித்த எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"தங்கச்சி, வெட்டின மேட்டுல தண்ணி கசியுது. மண்ணத் தாங்குற சுவர மொதல்ல கட்டணும். பிளான்ல அத கடைசிக்குப் போட்டிருக்காங்க."

"கொழும்புக்கு இப்பவே லெட்டர் அனுப்புறேன் அண்ணே. பதில் வர்ற வரைக்கும் பிளான்படியே செய்ங்க. நிப்பாட்டினா தாமதத்துக்கு நம்மளத்தான் பிடிப்பாங்க."

"சரி, நீ சொல்றதால செய்றேன்" என்றீர்கள்.

மூன்றாம் நாள் மேடு சரிந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரைத் தள்ளிவிட்டீர்களாம். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். உங்களை மண்ணுக்குள்ளிருந்து எடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. உங்கள் கருமாதிக்கு மறுநாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது. சுவரை முதலில் கட்டலாமாம்.

விசாரணையில் தங்கள் பிழையில்லை என்று ஆளுக்கொரு கடதாசி காட்டினார்கள். பிளான் போட்டவரிடம் ஒன்று, நம் கம்பெனியிடம் ஒன்று. கடைசியில் மழைதான் காரணம் என்று எழுதி முடித்தார்கள்.

பிளானும் கட்டும் வேலையும் ஒரே கையில் இருந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? தெரியவில்லை. நேற்று இங்கே, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பின்பக்க வடிகாலைப் பிளானிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் என்றேன்.

"நம்ம பிளான், நம்ம வேலை. வேற யார்கிட்ட கேக்கணும்?" என்று மேனேஜர் சிரித்தார்.

வடிகால் இல்லாத பிளானில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கு எனக்கு அங்கே வேலை இருக்குமோ என்னவோ.

அண்ணி இன்றைக்கும் மழையைத்தான் திட்டுகிறார். நாம் போனில் பேசியது அவருக்குத் தெரியாது. விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போகிறேன் அண்ணே. அண்ணி கதவைத் திறந்ததும், வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் என்னை உள்ளே கூப்பிடாவிட்டாலும் சரி. இது சத்தியம்.

உங்கள் சொல்லைக் கேட்டிருக்க வேண்டிய தங்கச்சி,
கலா