அந்தப் பியானோ சத்தம் கிடைத்துவிட்டது, அண்ணா

எங்கே போனாலும் எனக்கு முன்னால் நடந்துபோகிற கோபால் அண்ணாவுக்கு,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போனதிலிருந்து நம் வீட்டில் யாரும் யாருக்கும் நல்ல சேதி என்று ஒன்றைச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது ஒன்று இருக்கிறது. அதை முதலில் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

பகலெல்லாம் வாலாஜாபாத் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு மைக் முன்னால் நிற்பாய். நம் மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லை என்றதும் என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்தவன் நீதான். தென்னேரிச் சித்தப்பா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "பொம்பளப் புள்ளய மேடையில உக்கார வெச்சா நாளைக்கு எவன்டா கட்டிக்குவான்?" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "கட்டிக்கப் போறவன் மொத வரிசையில வந்து குந்தட்டும் சித்தப்பா. பாட்டு கேட்ட மாதிரியும் ஆச்சு, பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு குழு கொஞ்ச காலம் அப்படியே கிடந்தது. பிறகு தபேலா கண்ணன் அண்ணன்தான் எல்லோரையும் மறுபடி கூட்டினார். உன் இடத்தில் பாட ஓரிக்கையிலிருந்து செல்வம் என்று ஒரு டிராயிங் வாத்தியார் வந்தார். கீழ் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் மெலிந்துதான் போகிறது. ஆனால் உன்னை மாதிரி பாடிக் காட்ட அவர் முயற்சி செய்யவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதற்குள் பாட்டுகள் மாறிவிட்டன, அண்ணா. ரேடியோவில் வருகிற புதுப் பாட்டுகளைக் கேட்டால் நீ சொக்கிப் போயிருப்பாய். ஒரு பாட்டின் ஆரம்பத்தில் எலெக்ட்ரிக் பியானோ மட்டும் தனியாக வரும். வெண்கலக் கிண்ணத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தட்டின மாதிரி ஒவ்வொரு சுரமும் மெல்ல விழுந்து, நீண்டு, தானாக அடங்கும். அதை நான் ஆர்மோனியத்தில் வாசித்தால் எப்படி இருக்கும்? கூரம் கிராமத்தில் ஒரு கல்யாணத்தில் வாசித்தேன். "இன்னாம்மா, பஜனையா நடக்குது?" என்று ஒரு பையன் கத்தினான். பந்தலே சிரித்தது.

மறுநாள் கண்ணன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சரோ, தப்பா எடுத்துக்காதம்மா. மெட்ராஸ்ல ஒரு பையன் எலெக்ட்ரிக் பியானோவோட வாடகைக்கு வரானாம். இனிமே அவனக் கூப்டலாம்னு இருக்கேன். நீ பெண் குரலுக்கு மட்டும் வா."

"நான் பாடறவ இல்லியேண்ணா. வாசிக்கறவ."

"தெரியும்மா. ஆனா ஜனங்க கேக்கற சத்தம் நம்மகிட்ட இல்லியே. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. "தை மாசம் தென்னேரியில நம்ம கச்சேரி இருக்குதில்ல? அது வரைக்கும் டைம் குடுங்க. அந்தச் சத்தத்த நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து கொண்டுவருவேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. நீயும் இப்படித்தான் எதையாவது சொல்லிவிட்டு வந்து நிற்பாய்.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஓர் உற்சவத்துக்குச் சென்னைக் குழு ஒன்று வந்தது. அவர்கள் மத்தியானம் மேடையில் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன். பியானோக்காரர் ஒல்லியாக, நல்ல மனிதராக இருந்தார். "வாசிச்சுப் பாக்கணுமா?" என்று கேட்டார். "இல்லைங்க, உள்ள எப்படி இருக்குதுன்னு பாக்கணும்" என்றேன். அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். மூடியைத் தூக்கிக் காட்டினார்.

உள்ளே வரிசையாக இரும்புக் கம்பிகள், அண்ணா. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்னச் சுத்தி. கம்பியின் முனைக்கு எதிரே கம்பிச்சுருள் சுற்றின காந்தம். "இதுல கரண்ட் எங்கங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"கம்பிக்குக் கரண்ட் வேணாம்மா. தட்டினா ஆடும். பக்கத்துல இருக்கற காந்தம் அந்த ஆட்டத்தக் கேட்டு ஆம்ப்ளிஃபையருக்குச் சொல்லும். அவ்ளோதான்" என்றார். அவர் சொன்ன விலைக்கு ஓரிக்கையில் ஒரு மனையே வாங்கிப் போடலாம். இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பும்போது என் மனசு கனக்கவில்லை. அது மந்திரம் இல்லை, கம்பியும் சுத்தியும்தான் என்று தெரிந்துவிட்டதே.

பிள்ளையார்பாளையத்து நர்சரிப் பள்ளியில் நான் இன்னும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே அலமாரி மேலே கால் உடைந்த பொம்மைப் பியானோ ஒன்று எப்போதும் கிடக்கும். ஒரு நாள் தூசி தட்டும்போது ஒரு கட்டையில் விரல் பட்டு 'டிங்' என்றது. எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு என்னவோ தோன்றி, அதன் முதுகில் காதை வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். மரக்கட்டையின் டொக்கென்ற சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. உருண்டையாக, நீளமாக, மெல்ல அடங்கிக்கொண்டு போயிற்று.

ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அதே கம்பி வரிசை! சென்னைப் பியானோவின் குட்டித் தங்கை மாதிரி இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே பிள்ளைகளும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை, "ஒடஞ்சது தான, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

நேரே ரேடியோக் கடை ஷெரீப் பாயிடம் போனேன். உன் மைக் செட்டுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர்தானே. முதலில் பியானோவுக்குள் மைக்கை வைத்துப் பார்த்தார். ஸ்பீக்கர் ஊளையிட்டது. பிறகு கிராமபோன் முள்பெட்டியைக் கழற்றி மரத்தில் ஒட்டினார். தச்சுப் பட்டறை மாதிரி டக் டக் என்று கேட்டது. "அரே, வேணாம்மா இது. கொழந்தைங்க சாமான் கொழந்தைங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், அந்தப் பெரிய பியானோவுல மைக்கே இல்ல. காந்தம்தான் கேக்குது."

அவர் கை துடைத்த துணியை மேஜைமேல் போட்டார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஹெட்போனை எடுத்தார். மிலிட்டரியில் கழித்துப்போட்டது. மூடியைத் திருகி, உள்ளே இருந்த மெல்லிய தகட்டை எடுத்துவிட்டார். ஒரு காந்தமும் நூல் மாதிரி கம்பி சுற்றின இரண்டு சுருளும் தெரிந்தன. "கேக்கற காந்தம்தானே வேணும்? இது காதுக்குள்ள பேசறது. திருப்பிப் போட்டா கேக்கும்" என்று சொல்லி, அதை ஒரு கம்பியின் முனைக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் கட்டையை அழுத்தினேன்.

கடையில் இருந்த பெரிய ஸ்பீக்கரிலிருந்து அது வந்தது, அண்ணா. அந்தச் சத்தம்! பாய் பிடித்த கையை எடுக்கவே இல்லை. "இன்னொரு தபா" என்றார். பிறகு, "இன்னொரு தபா."

எல்லாக் கம்பிக்கும் காது வேண்டுமே. மூர் மார்க்கெட்டுக்குப் போகலாமென்றால், அம்மா என்னைத் தனியாக விடவில்லை. தானே கிளம்பி வந்துவிட்டாள். நீ போன பிறகு தெருமுனைக்குக்கூடப் போகாதவள். பழைய சாமான் கடைக்காரனிடம் ஒரு ஹெட்போனைத் தூக்கிக் காட்டி, "ஒரு பக்கம் காதே காணோம், இதுக்கு இவ்ளோ வெலையா?" என்று அவள் பேரம் பேசினதை நீ பார்த்திருக்க வேண்டும். கை நிறைய ஹெட்போன்களும், ஒன்றில் சுரங்கள் போதாது என்று இன்னொரு பொம்மைப் பியானோவும் வாங்கிக்கொண்டு ரயிலேறினோம். வழியெல்லாம் பொம்மைப் பியானோ அம்மா மடியில்தான் இருந்தது. எதிர் சீட்டுப் பெண்மணி, "பேரப் புள்ளைக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, எம் பொண்ணுக்கு. கச்சேரி வாசிக்கறா" என்றாள் அம்மா. அதை அவள் ஒரு வேற்றாளிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

பிறகு சுருதி சேர்க்கிற வேலை. கம்பியின் முனையை அரத்தால் ராவினால் சுருதி ஏறும். ஈயப்பற்று ஒரு சொட்டு வைத்தால் இறங்கும். நான் ராவினேன், பாய் பற்று வைத்தார். சுத்திகளின் முனையில் கம்பளித் துண்டு ஒட்டின பிறகுதான் சத்தத்தின் முரட்டுத்தனம் போயிற்று. இரண்டு பியானோவையும் ஒரே பெட்டியில் அடக்கினோம்.

ஒத்திகையில் கண்ணன் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா ஈ மொய்க்குதே" என்றார். நிஜம்தான். டியூப் லைட்டின் உறுமலையெல்லாம் அந்தக் காதுகள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எண்ணெய் டின்னை வெட்டி உட்புறமெல்லாம் தகடு அடித்து, எர்த் கொடுத்துக் கொண்டுவந்தார். உறுமல் முழுக்கப் போகவில்லை. ஆனால் வாசிக்கும்போது தெரியவில்லை.

தென்னேரியில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் மேடை. சொந்தக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்தப் பாட்டுக்குச் செல்வம் மைக் முன்னால் வந்து நின்றதும் கட்டைகளின் மேல் விரல்களை வைத்தேன். முதல் சுரம் விழுந்தது. அது அடங்குவதற்குள் கூட்டம் அடங்கிவிட்டது. நடுவில் மேலே ஒரு கம்பி ஊமையாகிப்போனது. சட்டென்று ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வாசித்துச் சமாளித்தேன். இடையிசை முடியும்போது பழக்கத்தில் மைக் பக்கம் பார்த்தேன், நீ கை காட்டுவாய் என்று. செல்வம் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அழவில்லை. வாசித்தேன்.

முடிந்ததும் பின்னாலிருந்து "ஒன்ஸ் மோர்" என்று ஒரு குரல். பிறகு எல்லாப் பக்கமிருந்தும். இரண்டாவது தடவை எனக்குப் பயமே இல்லை. நீ பாடியிருந்தால் அந்தச் சரணத்தை எங்கே இழுத்திருப்பாய், எங்கே விட்டிருப்பாய்? அதை மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இறங்கி வந்தபோது கண்ணன் அண்ணன், "மெட்ராஸ் பையனுக்கு வேணாம்னு சொல்லிட்டேம்மா" என்றார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அது அசல் பியானோ இல்லை என்பது எனக்குத் தெரியும். காது உள்ளவன் கண்டுபிடித்துவிடுவான். கீழ் சுரங்களே கிடையாது, அவற்றை இடது கையால் ஆர்மோனியத்தில் வாசித்து ஒப்பேற்றுகிறேன். அதற்கும் பாய் ஒரு வழி பார்க்கிறார். சைக்கிள் ஸ்போக்கை நீளமாக வெட்டிக் கட்டினால் கனத்த சத்தம் வருகிறதாம். நேற்று ஒன்றைக் கட்டிப் பார்த்தோம். கடை ஜன்னல் அதிர்ந்தது. வாலாஜாபாத் குழுக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று செய்து தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். "அந்தப் பொண்ணு வந்து சுருதி சேத்தாத்தான் செய்வேன்னு சொல்லிட்டேன்" என்றார் பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. சத்தங்கள் இன்னும் மாறும். அடுத்து ரேடியோவில் எது வந்து நம்மைப் பயமுறுத்தும் என்று யாருக்குத் தெரியும்? எது வந்தாலும், யாராவது என்னை எழுந்திருக்கச் சொல்வதற்கு முன்னால் அதைத் தேடிக்கொண்டு நான் கிளம்பியிருப்பேன். நீ உட்கார வைத்த இடத்தை விடமாட்டேன்.

மேடையில் உன் இடது பக்கம் உட்கார்ந்திருந்த,
இப்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்கிற
உன் தங்கை
சரோஜா